கொக்கின் மூக்கில் புளி

கேமரன் மலையில் குளிர் காய எத்தனையோ வழி உண்டு. அந்தத் தேயிலைத் தோட்டத்துப் பட்டறைக்காரர்களுக்கு ஒரே வழி, கொக்கின் வால்தான். கொக்கு என்றால் பறக்கிற கொக்கு இல்லை. ஆள் உயரத்துக்குச் சாம்பல் நிறத்தில், கழுத்தை முன்னால் நீட்டி, மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு செம்பு மூக்கை வைத்துக்கொண்டு நிற்கிற ஸ்பாட் வெல்டிங் மெஷின். கால்மிதியை மிதித்தால் மேல்மூக்கு இறங்கி வந்து கொத்தும். வேலை நடக்கும்போது மூக்கு கொதித்துப் போகாமல் இருக்க, ஒரு பம்பு மலைத்தண்ணீரை உள்ளே தள்ளும். அது மூக்கு நுனி வரை போய்ச் சூட்டை வாங்கிக்கொண்டு, பின்பக்கம் இரண்டு ரப்பர் குழாய் வழியாக நீல டிரம்முக்குள் திரும்பி வரும். மேல்மூக்குக்கு ஒரு குழாய், கீழ்மூக்குக்கு ஒரு குழாய். நீலாவதி இருபது ஒட்டுப் போட்டால் போதும், இரண்டு குழாயும் குழந்தைக்கு விளாவிய வெந்நீர் மாதிரி ஆகிவிடும். உடனே பட்டறையில் உள்ளவர்கள் ஸ்பானர் தேடுகிற சாக்கில் ஒவ்வொருவராக வந்து குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

"மாட்டு வாலத் தொட்டா புண்ணியம். கொக்கு வாலப் புடிச்சா சம்பளந்தான் வெட்டுவாங்க. போங்க லா!" என்று விரட்டுவாள் நீலாவதி. விரட்டிவிட்டுத் தானும் பிடித்துக்கொள்வாள்.

அவளுக்கு வயது நாற்பத்தொன்பது. ரிங்லெட் ஊருக்கு மேலே இதே தோட்டத்து லைன் வீட்டில் பிறந்தவள். அப்பா செல்லையா தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியோடு மலைச்சரிவில் ஆயுசு முழுக்க நின்றவர். பத்தொன்பது வயதில் அவள் மலை இறங்கி ஈப்போவுக்குப் போனாள். அங்கே மின்விசிறி செய்கிற தொழிற்சாலை ஒன்றில் வேலை. விசிறிக்கு முன்னால் கம்பிக்கூடு இருக்குமே, அதைச் செய்கிற பகுதி. கம்பியும் கம்பியும் சந்திக்கிற இடத்துக்கெல்லாம் ஓர் ஒட்டு. அங்கிருந்த தமிழ்ப் பெண்கள் அதை வெல்டிங் என்று சொன்னதே இல்லை, பொட்டு என்றுதான் சொல்வார்கள். ஆறு வருஷத்தில் நீலாவதி வைத்த பொட்டுகளை எண்ணினால் நாட்டில் உள்ள அத்தனை நெற்றிக்கும் போதும், மிச்சமும் இருக்கும். அதற்குள் திரிங்காப்பிலிருந்து கோஸ் ஏற்றிக்கொண்டு இறங்குகிற லோரி டிரைவர் குணாளன் கண்ணில் பட்டான். தாலி கட்டிக்கொண்டு மறுபடி மலை ஏறினாள்.

ஏறின மலையில் விசிறிக்கு ஏது வேலை? இந்தக் குளிரில் விசிறி விற்க வருகிறவனைப் பிடித்துக் கம்பளி போர்த்தி அனுப்பிவிடுவார்கள். கற்ற தொழிலை மூட்டை கட்டி வைத்துவிட்டு, தோட்டத்துத் தேயிலை ஆலையின் சலிப்பு அறையில் இருபத்து மூன்று வருஷம் தூள் சலித்தாள். குறை என்று ஒன்றும் சொல்ல மாட்டாள். ஆனால் யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் விசிறியின் கம்பிக்கூட்டைத்தான் பார்ப்பாள். "ஒரு பொட்டு விட்டிருக்கு பாரு. அவசரக்காரி வச்சது," என்று முகம் தெரியாத ஒருத்தியைத் திட்டுவாள்.

போன பிப்ரவரியில் தோட்ட மேனேஜராக இருந்த பழைய துரை ஈப்போவில் ஓர் ஏலத்துக்குப் போய்ப் பட்டறைக்கு லேத் மெஷின் ஒன்று வாங்கி வந்தார். அதோடு ஒட்டிக்கொண்டு வந்ததுதான் கொக்கு. பட்டறைத் தலைவர் ரெங்கசாமி, எல்லாருக்கும் பிட்டர் அண்ணன், முப்பது வருஷமாகக் கம்பி வைத்து வெல்டிங் பிடிக்கிறவர். அவர் கொக்கை மூன்று முறை வலம் வந்தார்.

"வெல்டிங் மெஷின்னு எழுதியிருக்கு. கம்பி வைக்கிற பிடியவே காணோம். வாயில்லாப் பிள்ளைக்கு எங்க லா சோறு ஊட்டறது?" என்று சொல்லித் தார்ப்பாயைப் போட்டு மூடிவிட்டார்.

ஒரு மாதம் கழித்து நீலாவதி ஓட்டை விழுந்த சலிப்புத் தட்டு ஒன்றைப் பட்டறைக்குக் கொண்டுவந்தாள். தார்ப்பாயின் ஓரத்தில் செம்பு மூக்கு எட்டிப் பார்த்தது. அவ்வளவுதான், தட்டைக் கீழே போட்டுவிட்டாள். "ஐயோ, நீ எங்க இங்க!" என்று அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ரெங்கசாமி பயந்தே போனார்.

"என்னா நீலா, காத்து கருப்பு ஏதும் அடிச்சிருச்சா?"

"இதுக்குக் கம்பி வேணாம் அண்ணே. ரெண்டு தகட்ட இந்த ரெண்டு மூக்குக்கு நடுவுல குடுத்து அழுத்தணும். அழுத்தின அழுத்துலயே கரண்ட விடணும். செம்புல கரண்டு சுலபமா ஓடிரும். தகடும் தகடும் ஒட்டி நிக்கிற எடந்தான் அதுக்கு நெரிசல். திருவிழாவுல கூட்டம் எங்க வேர்க்குது? ரோட்டுலயா? கோயில் வாசல்ல லா! அதே மாதிரி அந்த வாசல்ல மட்டும் சூடு ஏறும், உருகும், ரெண்டும் ஒண்ணாயிரும்."

"எவ்ளோ கரண்டு?"

"ஆயிரக்கணக்குல ஆம்பியர்."

ரெங்கசாமி இரண்டடி பின்னால் போனார். நீலாவதி மெஷினைப் போட்டாள். வெறும் கையைத் தூக்கி, மூக்கைத் தாங்குகிற செம்புக் கையின் மேல் வைத்துக்கொண்டு மிதியை மிதித்தாள். பட்டறையே கண்ணை மூடிக்கொண்டது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"உள்ள இருக்கிற டிரான்ஸ்பார்மர் வோல்ட்டக் கொறைச்சு ஆம்பியரக் கூட்டி விடுது. வோல்ட்டு என்னமோ ரெண்டு மூணு டார்ச் லைட்டு பேட்டரி அளவுதான், ஷாக் அடிக்காது. கரண்டுக்குப் பயப்படாதீங்க, இந்த மிதிக்குப் பயப்படுங்க. வெரலு நடுவுல மாட்டுச்சுனா சப்பாத்திதான்."

மூன்றே மூன்று விஷயம்தான் என்று அவள் அவர்களுக்குச் சொன்னாள். எவ்வளவு அழுத்துகிறோம், எவ்வளவு கரண்ட் விடுகிறோம், எவ்வளவு நேரம் விடுகிறோம். நேரம் என்றால் கண் சிமிட்டுகிற நேரம்கூட இல்லை. இந்த மூன்றும் தகட்டுக்குத் தகுந்தபடி பொருந்திவிட்டால் பொட்டு ஒழுங்காக விழும். விழுந்ததா இல்லையா என்று மேலே பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. ஒரு துண்டுத் தகட்டில் ஒட்டுப் போட்டு, வைஸில் இறுக்கி, குறட்டால் பிடித்து உரித்துப் பார்க்க வேண்டும். நல்ல ஒட்டாக இருந்தால் பொட்டு விடவே விடாது. பக்கத்துத் தகடுதான் கிழியும். ஒரு தகட்டில் வட்டமாக ஓட்டை விழும், இன்னொன்றில் அந்த வட்டம் அப்படியே பொட்டாக நிற்கும். அன்றைக்கு ரெங்கசாமி பல்லைக் கடித்துக்கொண்டு உரித்தார். தகடு கிழிந்தது, பொட்டு நின்றது. அவர் குறட்டைக் கீழே வைத்துவிட்டு, கொக்கை ஒரு பார்வையும் நீலாவதியை ஒரு பார்வையும் பார்த்தார்.

"கம்பி மிச்சம்," என்றார். அவர் வாயிலிருந்து அதைவிடப் பெரிய பாராட்டு அதுவரை வந்ததில்லை.

அன்று முதல் நீலாவதி பட்டறையில்தான். ஆனால் ஆள் கணக்கு எழுதுகிற செக்ரோலில் அவள் பெயர் சலிப்பு அறைக்குக் கீழேயேதான் இருந்தது. இரவல் ஆள் என்று சொல்வார்களே, அப்படி. தட்டு, கூடை, தண்ணீர் வாளி, பிள்ளையார் கோவில் உண்டியல் மூடி என்று ஆறு மாதம் சில்லறை வேலை பார்த்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவள் இருந்து குணாளன் பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்தாலும் கொக்குப் பேச்சுத்தான். "என்னக் கட்டிக்கிட்டப்பகூட நீ இப்படிச் சிரிக்கல," என்று பொறாமைப்பட்டுக்கொண்டான்.

செப்டம்பரில் துரை மாறினார். புதிய துரை எதையும் வேலை செய்கிறதா, இடத்தை அடைக்கிறதா என்று இரண்டே கண்ணால் பார்க்கிறவர். பச்சை இலையைப் பரப்பி வாட்டுகிற தொட்டிகளின் அடிவலை பழசாகி, கம்பி இற்றுக்கொண்டிருந்தது. முப்பத்தாறு புது வலைச்சட்டம் வேண்டும். கம்பிவலையின் ஓரத்தைத் துருப்பிடிக்காத எஃகுப் பட்டைக்குள் மடித்து வைத்து, சுற்றிலும் நூறு பொட்டு வைத்தால் ஒரு சட்டம். அதை ஈப்போவில் வாங்கலாம், பட்டறையிலும் செய்யலாம். ஹெட் ஆபீஸிலிருந்து இன்ஜினியர் வந்து நேரில் பார்த்து முடிவு சொல்லட்டும் என்றார் துரை. ஒட்டு நின்றால் கொக்கு இங்கேயே இருக்கும், நீலாவதி அதன் நிரந்தர ஆள். நிற்கவில்லையென்றால் கொக்கு பழைய இரும்புக்கு, நீலாவதி சலிப்பு அறைக்கு.

நாள் குறித்தது தோட்டத்து ஆபீஸ் கணக்கர், கிராணி. "விஜயதசமிக்கு வைங்க துரை, தொட்டது தொலங்கும்," என்றார். அப்படியானால் அதற்கு முந்தின நாள் ஆயுத பூஜை. கொக்கு இந்தத் தோட்டத்தில் காண்கிற முதல் ஆயுத பூஜை.

பூஜை அன்று பட்டறையைக் கழுவி, மாவிலை கட்டி, எல்லா மெஷினுக்கும் பூமாலை போட்டார்கள். ரெங்கசாமி சந்தனக் கிண்ணத்தோடு கிளம்பினார். லேத்துக்கு வைத்தார், துளை போடுகிற மெஷினுக்கு வைத்தார், டீ போடுகிற கெட்டிலையும் விடவில்லை. கொக்கிடம் வந்தவர் நேரே செம்பு மூக்கை நோக்கி விரலை நீட்டினார். நீலாவதி பாய்ந்து வந்து மறித்தாள்.

"மூஞ்சில வைக்காதீங்க! சந்தனம் காஞ்சா கரண்டு போகாது. நாளைக்கு டெஸ்ட் இருக்கு. ஒடம்புல வைங்க."

"சாமிக்கே நெத்தியிலதான் வைக்கிறோம். உன் கொக்குக்கு முதுகுலயா?"

"முதுகுல வச்சா போதும். அதுக்குக் கோவமில்ல."

வாதத்தில் ஜெயித்துவிட்டாள். ஜெயித்தவளுக்கு ஓர் ஆசை வந்தது. சந்தனம் இல்லாவிட்டால் என்ன, பட்டறையிலேயே கொக்குதான் பளபளவென்று நிற்க வேண்டும். இரண்டு மூக்கின் நுனியிலும் கட்டைவிரல் நுனி அளவுக்குச் செம்புத் தொப்பி ஒன்று மாட்டியிருக்கும். தேய்ந்தால் மாற்றுவதற்காக அப்படிச் செய்திருப்பார்கள். உள்ளே குழிவாக இருக்கும், தண்ணீர் அந்தக் குழி வரை வந்துதான் திரும்பும். இரண்டு தொப்பியையும் தட்டிக் கழற்றினாள். வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த புளியையும் சாம்பலையும் எடுத்துக்கொண்டு பின்பக்கக் குழாயடிக்குப் போனாள். குத்துவிளக்கு விளக்குகிற பக்தியோடு விளக்கினாள். மேல்மூக்குத் தொப்பியின் உள்ளே கறுப்புப் படிந்திருந்தது. சுண்டைக்காய் அளவு புளியை அந்தக் குழிக்குள் திணித்து ஊறப் போட்டுவிட்டு, கீழ்மூக்குத் தொப்பியைத் தேய்த்தாள். அதற்குள் மணி அடித்துவிட்டது. "நீலா, சூடம் ஏத்தப் போறோம்!" என்று ரெங்கசாமியின் குரல். இரண்டையும் தண்ணீரில் காட்டி, முந்தானையில் துடைத்து, ஓடிவந்து மாட்டினாள். சூடத்தின் வெளிச்சத்தில் கொக்கின் மூக்கு தங்கமாக மின்னியது. அவளுக்குக் கண் நிறைந்தது.

வீட்டில் குணாளன் ரசத்தை ஒரு வாய் குடித்துவிட்டு அவளைப் பார்த்தான்.

"என்னா இது, ரசமா, மொளகுத் தண்ணியா? புளிப்பே இல்ல."

"புளி தீந்துருச்சு."

"முந்தாநேத்துதானே ரிங்லெட்ல வாங்கினோம்?"

"கொக்கு சாப்பிட்டுருச்சு. பேசாம குடிங்க."

மறுநாள் எட்டு மணிக்கு இன்ஜினியர் வந்து இறங்கினார். சசிரேகா என்று பெயர், முப்பது வயதுதான் இருக்கும், கிள்ளான் பக்கத்துப் பெண். இரண்டு குளிர்ச்சட்டை போட்டும் பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. ஆனால் பேச்சில் நடுக்கம் இல்லை.

"அக்கா, ஒரு சட்டம் முழுசா போடுங்க. பத்து ஒட்டுக்கு ஒரு சாம்பிள், துண்டுத் தகட்டுல. நானே உரிச்சுப் பார்ப்பேன். பத்து சாம்பிளும் கிழியணும். ஒண்ணு விட்டாலும் எழுதிருவேன்."

"எழுதுங்க மிஸ்," என்றாள் நீலாவதி.

தொடங்கினாள். மேல்மூக்கு இறங்கியது, உறுமியது, எழுந்தது. முதல் சாம்பிளை சசிரேகா வைஸில் மாட்டி உரித்தார். தகடு கிழிந்தது. இரண்டாவதும் கிழிந்தது. மூன்றாவது, நான்காவது. ரெங்கசாமி கையைக் கட்டிக்கொண்டு, கொக்கைத் தானே பெற்று வளர்த்தவர் மாதிரி நின்றார். ஐந்தாவது சாம்பிளை உரித்தபோது குறட்டுக்கு வேலையே இருக்கவில்லை. நனைந்த காகிதம் மாதிரி இரண்டு தகடும் தனித்தனியாக வந்துவிட்டன. பொட்டு இருக்க வேண்டிய இடத்தில் அகலமாக ஒரு பழுப்புக் கறை மட்டும் இருந்தது.

நீலாவதி குனிந்து பார்த்தாள். மேல்மூக்கின் நுனி அமுங்கிக் காளான் மாதிரி விரிந்திருந்தது. நுனி விரிந்தால் கரண்ட் பரவிவிடும், ஓரிடத்தில் சூடு சேராது. அது அவளுக்குத் தெரியும். ஆனால் நானூறு ஐந்நூறு பொட்டுக்குப் பிறகு விரிய வேண்டியது ஐம்பதுக்குள் ஏன் விரிந்தது?

"சந்தனம்!" என்றார் ரெங்கசாமி. "முதுகுல வச்சதுல கோவிச்சுக்கிச்சு. நான் அப்பவே சொன்னேன்." சொல்லிக்கொண்டே ஈரத்துணியை எடுத்துக் கொக்கின் உடம்பிலிருந்த சந்தனத்தையெல்லாம் துடைத்தார். பிறகு, துடைத்தது தெய்வக்குற்றமாகிவிடுமோ என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

நீலாவதி அரம் எடுத்து நுனியைச் சீவிச் சமமாக்கினாள். எல்லாரும் ஒரு டீ குடித்தார்கள். புதுச் சட்டம் எடுத்து மறுபடி தொடங்கினாள். ஒன்று கிழிந்தது, இரண்டு கிழிந்தது, மூன்றும் நான்கும் கிழிந்தன. ஐந்தாவது மறுபடி விட்டுவிட்டது.

இப்போது அவளுக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. ஆலையில் இலை உருட்டுகிற மெஷின்கள் கரண்டை இழுக்கின்றனவோ என்று ரெங்கசாமி ஓடிப்போய்க் கேட்டுவந்தார். இரண்டு தடவையும் அவை நின்றுதான் கிடந்தனவாம். சசிரேகா கையிலிருந்த படிவத்தில் எதையோ எழுதத் தொடங்கினார்.

"மெஷின் பழசு அக்கா," என்றார் மெதுவாக. "உங்க தப்புன்னு சொல்லல. சூடு தாங்கல. இதுக்கு மேல போட்டு என்ன செய்ய?"

இன்ஜினியர் முன்னால் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றால் நன்றாக இருக்காது என்று நீலாவதி காலையிலிருந்து கையைக் குளிர்ச்சட்டைப் பைக்குள்ளேயே வைத்திருந்தாள். விரல்கள் மரத்துப் போயிருந்தன. இனி எந்த வெட்கம் என்று நினைத்தாளோ, பழக்கதோஷமோ, பின்பக்கம் போய் இரண்டு கையாலும் இரண்டு குழாயையும் பிடித்தாள்.

இடது கைக்கு இதமாக இருந்தது. வலது கைக்கு ஐஸாக இருந்தது.

கையை மாற்றிப் பிடித்துப் பார்த்தாள். கீழ்மூக்குக் குழாய் சூடு. மேல்மூக்குக் குழாய் ஓடைத்தண்ணீர் மாதிரி சில்லிட்டுக் கிடந்தது. தொண்ணூறு பொட்டுக்கு மேல் வைத்த மூக்கின் சூடு எங்கே போயிற்று? டிரம்மில் விரலை நனைத்து மேல்மூக்கில் ஒரு சொட்டு விட்டாள். சுர்ரென்றது. கீழ்மூக்கில் விட்டாள், சத்தமே இல்லை. டிரம்முக்குள் முங்கிக் கிடந்த மேல்குழாயின் நுனியைத் தூக்கினாள். பம்பு என்னவோ கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது, குழாயிலிருந்து மட்டும் சொட்டு சொட்டாகத்தான் வந்தது.

இளைப்பாறினால் நாற்பது பொட்டு நன்றாக விழுகிறது. அதற்குமேல் மூக்கு கொதிக்கிறது, மெத்தென்று ஆகிறது, அமுங்குகிறது. தண்ணீர் நுனிக்குப் போகவில்லை. நுனியில் ஏதோ அடைத்துக்கொண்டிருக்கிறது.

நுனியில் என்ன இருக்கும் என்று நினைத்த அந்த நொடியிலேயே நீலாவதிக்குத் தெரிந்துவிட்டது. மெஷினை நிறுத்தி, துணியைச் சுற்றி மேல்மூக்குத் தொப்பியைத் தட்டிக் கழற்றினாள். உள்ளே, தண்ணீர் வருகிற சின்னக் குழாயின் வாயை அடைத்துக்கொண்டு, கறுப்பாக, நாரும் சக்கையுமாக, வெந்துபோன புளி.

ரெங்கசாமி மட்டும்தான் பக்கத்தில் இருந்தார். எட்டிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். முப்பது வருஷ அனுபவத்துக்கு அந்த வாசனை புரியச் சற்று நேரம் பிடித்தது.

"அடிப்பாவி," என்றார் காதோரம். "வாயத் தொறக்காதே. மலைத்தண்ணி, தூசி அடைச்சிருச்சுன்னு சொல்லிரு. யாருக்குத் தெரியப் போவுது?"

நல்ல யோசனைதான். நீலாவதியும் ஒரு நொடி அதைப் பிடித்துக்கொண்டாள். மலைத்தண்ணீர் என்று சொன்னால் அவள் தப்பிப்பாள். ஆனால் அந்த அம்மா என்ன எழுதுவார்? இந்தத் தண்ணீர் இந்த மெஷினுக்கு ஆகாது என்று எழுதுவார். கொக்கு நாளைக்கே லோரி ஏறிவிடும். உண்மையைச் சொன்னால் கொக்குக்கு ஒன்றும் இல்லை, ஆள் சரியில்லை என்றுதான் எழுதுவார். வேறு யாராவது வந்து மிதிப்பார்கள். அதை நினைக்கவே அவளுக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் ஒரு குற்றமும் செய்யாத கொக்கைப் பழைய இரும்புக்கு அனுப்பிவிட்டுத் தான் நல்ல பெயர் வாங்குவதா?

தொப்பியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நேரே சசிரேகாவிடம் போனாள்.

"மிஸ், மெஷின் பழசுன்னு எழுதினத அடிச்சிருங்க. இது என் தப்பு. நேத்து பூஜைக்குப் பளபளன்னு இருக்கட்டும்னு புளி போட்டு வெளக்கினேன். உள்ள அடைச்ச புளிய எடுக்காம மாட்டிட்டேன். தண்ணி போக வழியில்ல. கொக்கு சுத்தம் மிஸ், நான்தான் சாலா, தப்பு பண்ணினவ."

சசிரேகா தொப்பியை வாங்கிப் பார்த்தார். அவரும் முகர்ந்து பார்த்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"கொழாய்தான் சொல்லுச்சு மிஸ். தெனமும் கை காய அதத்தான் புடிப்போம். இன்னிக்கு ஒண்ணு சூடு, ஒண்ணு சில்லு."

சசிரேகா தொப்பியை மேசையில் வைத்தார். உதட்டைக் கடித்துப் பார்த்தார். முடியவில்லை, பொங்கிக்கொண்டு வந்துவிட்டது சிரிப்பு. வைஸைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"அக்கா, நாங்க தண்ணி ஓடுதான்னு பார்க்க மீட்டர் வைப்போம். உங்களுக்குக் கையே போதும் போல." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "போங்க, கழுவி மாட்டுங்க. மூணாவது சட்டம் எடுங்க. இது கடைசி."

நீலாவதி தொப்பியை மூன்று தண்ணீரில் கழுவினாள். குச்சியால் குடைந்தாள், வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தாள், வாயில் வைத்து ஊதியும் பார்த்தாள். அரத்தால் நுனியைச் சீவி மாட்டினாள். பம்பைப் போட்டதும் மேல்குழாயிலிருந்து தண்ணீர் பீறிட்டு ரெங்கசாமியின் சட்டையை நனைத்தது. இந்தக் குளிரிலும் அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை.

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தாவது சாம்பிளை சசிரேகா வைஸில் இறுக்கும்போது பட்டறையே சுற்றி நின்றது. குறட்டால் பிடித்து இழுத்தார், வரவில்லை. காலை ஊன்றி இழுத்தார். கடைசியில் கிறீச்சென்று தகடு கிழிந்தது, பொட்டு அசையாமல் அதே இடத்தில் நின்றது. யாரோ விசில் அடித்தார்கள். ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது. பத்தாவது சாம்பிளை அவர் நீலாவதியிடமே நீட்டினார்.

"நீங்களே உரிச்சுப் பாருங்க."

நீலாவதி உரித்தாள். தகடு கிழிந்தது. சின்ன வட்டமாக, வெள்ளி மாதிரி, பொட்டு நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே அழுதாள். அழுகையா அது, ஆனந்தம். இருபத்து மூன்று வருஷம் தூள் சலித்த கைக்கு அன்றைக்குத்தான் வீடு கிடைத்தது போலிருந்தது அவளுக்கு. ரெங்கசாமி "தும்மல் வருது" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். திரும்பிப் பார்த்தால் இன்ஜினியர் அம்மாவைக் காணோம். மெஷினுக்குப் பின்னால் நின்று, இரண்டு குழாயையும் இறுகப் பிடித்துக்கொண்டு, "ஐயோ அக்கா, என்ன சுகம்!" என்று கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

புறப்படும் முன் சசிரேகா ஒரு வெள்ளை அட்டையை எடுத்தார். ஹெட் ஆபீஸ் வழக்கப்படி ஒவ்வொரு மெஷினுக்கும் சுவரில் ஓர் அட்டை தொங்க வேண்டுமாம்.

"முழுப் பேரு சொல்லுங்க அக்கா."

"நீலாவதி."

"அப்பா பேரு?"

"செல்லையா."

குணாளன் அன்று சாயங்காலம் லோரியை நேரே பட்டறை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். கதை அதற்குள் திரிங்காப் வரைக்கும் போய்விட்டிருந்தது. கையில் இரண்டு பொட்டலம். ஒன்றில் பித்தளை மெருகேற்றும் மருந்து, இன்னொன்றில் ஒரு கிலோ புளி.

"இது கொக்குக்கு, இது எனக்கு. மாத்திக் கொடுத்தியோ, ரெண்டு பேரும் கெட்டு ரோசாக் ஆயிருவோம்," என்றான். பட்டறையே சிரித்தது.

நீலாவதிதான் அதைக் காதில் வாங்கவில்லை. சுவரில் தொங்கிய அட்டையின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அவள் அப்பா நாற்பது வருஷம் இந்தத் தோட்டத்தில் வேலை செய்தார், அவள் இருபத்து மூன்று வருஷம் செய்தாள். செக்ரோல் புத்தகத்துக்கு உள்ளேதான் அவர்கள் பெயர் இருந்ததே தவிர, எல்லாரும் பார்க்க ஒரு சுவரில் எழுதப்பட்டது இல்லை. இப்போது இரண்டு பெயரும் சேர்ந்து ஒரே வரியில் இருந்தன. இயக்குபவர்: நீலாவதி, தந்தை செல்லையா. அதன்கீழ் இன்ஜினியர் அம்மாவின் கையெழுத்தில் விதிகள். தினமும் காலையில் இரண்டு குழாயையும் கையால் தொட்டுப் பார்க்கவும். நுனி விரிந்தால் சீவவும். விரலை உள்ளே விடக் கூடாது. கடைசியில், சிவப்பு மையில், அடிக்கோடு போட்டு ஒரு வரி: ஆயுத பூஜைக்குச் சந்தனம் உடம்பில் மட்டும், புளி அறவே கூடாது.

"என்னா எழுதியிருக்கு?" என்று கேட்டுக்கொண்டு குணாளன் பின்னால் வந்து நின்றான்.

"எங்கப்பா பேரு எழுதியிருக்கு," என்றாள் நீலாவதி.